இரண்டாம் ஆண்டு வகுப்பு, 16 பிள்ளைகள், 400 வெள்ளி: எதை வாங்குவது, எதை விடுவது?

பகாவ்டீச்சர் கேட்டது

வணக்கம் ஆசிரியர்களே.

மலேசியாவின் நெகிரி செம்பிலானில், பகாவ் பட்டணத்திலிருந்து 20 நிமிடம் உள்ளே, செம்பனைக்கு நடுவில் இருக்கும் தமிழ்ப்பள்ளி. புதுத் தவணைக்கு இரண்டாம் ஆண்டு வகுப்பை ஏற்கிறேன். 16 பிள்ளைகள். தமிழ்மொழி, கணிதம் இரண்டும் என் பொறுப்பு. மூன்று பிள்ளைகள் இன்னும் உயிர்மெய்யில் தடுமாறுவதாக முந்தைய ஆசிரியர் குறிப்பு எழுதி வைத்திருக்கிறார். பெற்றோர் ஆசிரியர் சங்கம் 400 வெள்ளி (ரிங்கிட்) தருகிறது. அதற்குமேல் எதிர்பார்க்க முடியாது.

அறை ஏறக்குறைய 7க்கு 9 மீட்டர். ஓர் இரும்பு அலமாரி, ஒரு வெண்பலகை, பின்சுவரில் அறிக்கைப் பலகை. மழை பெய்தால் இடப்பக்கச் சுவர் ஊறும். அறிக்கைப் பலகையின் சட்டத்தில் கரையான் மண்கோடு தெரிகிறது. சுவரில் மின் சாக்கெட் இரண்டு, வேலை செய்வது ஒன்று. இணையம் காலையில் கொஞ்சம் கிடைக்கும், பத்து மணிக்குமேல் நிச்சயமில்லை. அலுவலகத்தில் லேமினேட் இயந்திரம் இருக்கிறது.

டெலிகிராம் குழுக்களில் வரும் பட்டியல்கள் நீளமாக இருக்கின்றன. படங்களும் அழகுதான். ஆனால் 400 வெள்ளிக்குள் எதை முதலில் எடுப்பது, எதைக் கையால் செய்துகொள்வது, வாங்கியதை இந்த ஈரத்தில் எப்படிக் காப்பாற்றுவது? அனுபவம் உள்ளவர்கள் விவரமாகச் சொன்னால் உதவியாக இருக்கும்.

ஈர்க்குக்கட்டு பதில்

டீச்சர், கடைக்குப் போகும்முன் கலைத்திட்ட ஆவணத்தையும் ஆண்டுப் பாடத்திட்டத்தையும் விரித்து வைத்துக்கொண்டு ஒரு தாளில் மூன்று கட்டம் போடுங்கள்: தலைப்பு, அதில் பிள்ளையின் கை என்ன செய்ய வேண்டும், எத்தனை வாரம். நடுக் கட்டம் காலியாக நின்றால் அந்தத் தலைப்புக்குப் பொருள் வாங்காதீர்கள். பாடநூலும் வெண்பலகையும் போதும். இரண்டு வாரத்துக்குக் குறைவாகப் பயன்படுவதைக் காகிதத்தில் செய்துகொள்ளலாம், இல்லையென்றால் பக்கத்து வகுப்பில் இரவல் வாங்கலாம். மிஞ்சுவது நாலைந்து பொருள்தான். அவற்றை ஆசிரியர் கையில் ஒன்று என்று வாங்காமல், பிள்ளைகள் மேசைக்குப் போதுமான அளவு வாங்குங்கள். முன்னால் நின்று நீங்கள் காட்டும் ஒரு பெரிய, விலையுயர்ந்த பொருளைவிட, எட்டு ஜோடியின் மேசையிலும் இருக்கும் எட்டு சாதாரணப் பொருள் அதிகம் கற்றுக்கொடுக்கும்.

கணிதத்தில் முதலிடம் இடமதிப்புக்கு. இரண்டாம் ஆண்டில் எண்கள் 1,000 வரை போகின்றன. எடுத்ததும் ஒன்று, பத்து, நூறு என்று வரும் பிளாஸ்டிக் கட்டைகளுக்குப் போகவேண்டாம், குச்சியில் தொடங்குங்கள். 43இலிருந்து 17ஐக் கழிக்கும் பிள்ளையைக் கவனியுங்கள். பத்துக் குச்சி கொண்ட கட்டு நான்கு, உதிரி மூன்று. ஏழை எடுக்க உதிரி போதவில்லை. பிள்ளை ஒரு கட்டின் முடிச்சை அவிழ்க்கிறது; கையில் இப்போது 13 உதிரி. 'பத்தைக் கடன் வாங்கு' என்று நாம் வாயால் சொல்வது அந்த முடிச்சை அவிழ்க்கும்போது கண்முன் நடந்துவிடுகிறது. பிளாஸ்டிக் பத்து உடையாது. கொடுத்து மாற்றித்தான் வாங்கவேண்டும். மாற்றுவதும் அவிழ்ப்பதும் ஒன்றுதான் என்று புரிந்த பிறகு பிளாஸ்டிக்கைக் கொடுங்கள். அதற்கடுத்து படம், கடைசியாக வெறும் எண்.

குச்சிக்கு அதிகச் செலவு தேவையில்லை. ஈர்க்கு விளக்குமாறு புதிதாக இரண்டு மூன்று வாங்கி 12 செண்டிமீட்டர் நீளத்தில் நறுக்குங்கள். நுனிப்பகுதி மெலிந்து வளையும், அதைத் தள்ளிவிட்டு அடிப்பகுதியை மட்டும் எடுங்கள். வெட்டிய முனை கூராக இருந்தால் உப்புத்தாளில் ஒரு தேய். உப்புப் போட்ட கொதிநீரில் பத்து நிமிடம் வைத்து, இரண்டு நாள் நல்ல வெயிலில் காயவையுங்கள். இதைத் தவிர்த்தால் மூன்றாவது வாரம் பூசணம் பிடிக்கும். 1,000 குச்சி வேண்டும். பிள்ளைக்கு ஆறு கட்டு என்றால் 96 கட்டு. மிச்சம் நாலு கட்டை முதலில் முடித்தவர்கள் கட்டட்டும். பத்துக் கட்டைச் சேர்த்து நூறு, பத்து நூற்றைச் சேர்த்து ஆயிரம். தரையில் கிடக்கும் அந்த ஆயிரத்தைப் பார்த்த பிள்ளைக்கு 1,000 என்பது நான்கு இலக்கம் மட்டுமல்ல. கட்ட ரப்பர் பேண்டு வேண்டாம், நம் வெக்கையில் சில மாதத்திலேயே ஒட்டும், பிறகு அறும். பெண்பிள்ளைகள் தலைக்குப் போடும் துணி சுற்றிய சின்னப் பட்டை நீடிக்கும், ஏழு வயது விரலுக்கும் எளிது.

பிளாஸ்டிக் கட்டை வாங்கும்போது எண்ணிக்கையைப் பாருங்கள். கடைகளில் பரவலாகக் கிடைப்பது 121 துண்டுப் பெட்டி: ஆயிரம் 1, நூறு 10, பத்து 10, ஒன்று 100. ஒன்றுகள் தேவைக்குமேல், பத்துகள் போதாது. 387ஐயும் 268ஐயும் கூட்டச் சொல்லுங்கள். பத்துக்கு மட்டும் 8ம் 6ம் சேர்த்து 14 வேண்டும். பெட்டியில் இருப்பது 10. பிள்ளை அங்கேயே நின்றுவிடும், நாமோ பிள்ளைக்குப் புரியவில்லை என்று நினைத்துக்கொள்வோம். மூவிலக்கக் கூட்டலுக்கு ஒரு தொகுப்பில் நூறு 9, பத்து 19, ஒன்று 18 இருக்கவேண்டும். அதனால் நால்வருக்கு ஒரு பெட்டி வீதம் நான்கு பெட்டி வாங்கி, ஒவ்வொன்றிலும் பத்துப் பட்டை கூடுதலாகச் சேருங்கள். 1 செண்டிமீட்டர் அகலம், 10 செண்டிமீட்டர் நீளம், கட்டையின் அதே நிறத்தில் தடித்த அட்டை. ஓர் ஏ4 அட்டையில் 50க்கு மேல் வெட்டலாம். உங்களுக்குத் தேவை 40.

பணம் தலைப்புக்கு விளையாட்டு நோட்டு வாங்குவதாக இருந்தால் உறையைத் திருப்பிப் பாருங்கள். பழைய அச்சில் 1 காசு நாணயம் இருக்கும், 20 வெள்ளி நோட்டு இருக்காது. 1 காசை விட்டு 5 காசுக்கு முழுமையாக்கும் வழக்கம் 2008இலேயே வந்துவிட்டது. 20 வெள்ளி 2012இல் திரும்ப வந்தது. இப்போது புழங்கும் நோட்டு 1, 5, 10, 20, 50, 100. நாணயம் 5, 10, 20, 50 காசு. இதில் 5ம் 10ம் வெள்ளி நிறம், 20ம் 50ம் பொன்னிறம். இந்தியாவிலிருந்து வரும் பயிற்சித் தொகுப்புகளில் ரூபாய் இருக்கும், தவிர்த்துவிடுங்கள். நாணயத்துக்கு மட்டும் உண்மையான காசையே பயன்படுத்தலாம். எட்டு ஜோடிக்கு ஒவ்வொரு வகையிலும் நான்கு என்றால் மொத்தம் 27 வெள்ளி 20 காசு, அது செலவும் இல்லை, ஆண்டு முடிவில் எண்ணி எடுத்துக்கொள்ளலாம். நோட்டை உண்மையான அளவில், இரு பக்கமும் வண்ணப் பிரதி எடுக்க வேண்டாம். பெரிதாக்கி, ஒரு பக்கம் மட்டும், மேலே 'மாதிரி' என்று அச்சிடுங்கள்.

கடிகாரத்துக்குக் காசு போடாதீர்கள். விளையாட்டுக் கடிகாரங்களில் முள் இரண்டும் தனித்தனியாகச் சுற்றும். பிள்ளை 3:30க்குச் சின்ன முள்ளைச் சரியாக 3இல் வைத்துவிட்டுப் போகும்; தவறு தெரியவே தெரியாது. மலிவான சுவர்க் கடிகாரம் ஒன்றை எடுத்து மின்கலத்தைக் கழற்றுங்கள். பின்னால் உள்ள திருகைச் சுற்றினால் பெரிய முள் நகர நகரச் சின்ன முள்ளும் அதன் கணக்கில் நகரும். பல்சக்கரம் உள்ளேயே இருக்கிறது. பெற்றோரிடம் கேட்டால் ஓடாத கடிகாரமே நாலைந்து வந்து சேரும்.

மெய்யெழுத்து பதில்

கணிதத்துக்கு மேலே சொன்னது போதும், நான் தமிழுக்கு மட்டும் வருகிறேன்.

247 எழுத்து அட்டையை வாங்காதீர்கள். தடுமாறும் மூவருக்கும் 247 அட்டையை ஒன்றாகக் காட்டுவது பயத்தைத்தான் கூட்டும். பலர் செய்யும் இன்னொன்று இழுப்புப் பட்டை: ஒரு பட்டையில் க முதல் ன வரை, மேலே ஓட்டும் பட்டையில் துணைக்குறிகள். நல்ல யோசனைதான், ஆனால் எல்லாக் குறிக்கும் அது ஒத்துவராது. கால், ஒற்றைக்கொம்பு, இரட்டைக்கொம்பு, ஐகாரக் குறி, ஒ-ஓ வரிசை, புள்ளி ஆகியவை எழுத்தைத் தொடாமல் தனியே நிற்பவை; இவற்றுக்குப் பட்டை சரி. உகர ஊகாரம் அப்படியல்ல. கு, டு, து, பு, மு என்று வரிசையாக எழுதிப் பாருங்கள், எல்லாம் ஒரே விதமாக வளையாது. டி, டீ இரண்டும் ஒட்டிய வடிவம். இவற்றைப் பட்டையில் செய்தால் பிள்ளை இல்லாத எழுத்தைக் கற்றுக்கொள்ளும். எனவே இ, ஈ, உ, ஊ ஆகிய நான்கு வரிசைக்கும் முழு எழுத்தாகவே அட்டை போடுங்கள்: 18 பெருக்கல் 4, மொத்தம் 72. மீதி வரிசைகளுக்கு 18 அகர உயிர்மெய் அட்டையும் குறிப்பட்டையும் போதும். கொம்பு இடப்பக்கம் வருகிறது, ஒகர வரிசை இருபக்கமும் அணைக்கிறது. பட்டையின் சன்னலில் எழுத்துக்கு இரு பக்கமும் இடம் விட்டு வெட்டுங்கள்.

எழுத்துருவைப் பொறுமையாகத் தேர்ந்தெடுங்கள். அலங்கார எழுத்துரு கூடவே கூடாது. ண, ன, ந மூன்றையும் ல, ள, ழ மூன்றையும் ர, ற இரண்டையும் ஒரே தாளில் அச்சிட்டு, பின்வரிசை நாற்காலியில் உட்கார்ந்து பாருங்கள். ண-வில் எத்தனை சுழி, ன-வில் எத்தனை சுழி என்று அங்கிருந்து எண்ண முடியாவிட்டால் அது வேண்டாம். 7 மீட்டர் ஆழமான அறைக்கு எழுத்தின் உயரம் 5 முதல் 6 செண்டிமீட்டர் வைத்துக்கொள்ளுங்கள். பழைய சுவர்ப்படம் ஏதாவது கிடைத்தால் ணை, லை, ளை, னை பழைய தும்பிக்கை வடிவில் இருக்கிறதா, ணா, றா, னா சுழித்த வடிவில் இருக்கிறதா என்று பாருங்கள். 1978இல் தமிழ்நாட்டு அரசு ஆணையில் விடப்பட்ட வடிவங்கள் அவை. பாடநூலில் ஒன்றும் சுவரில் ஒன்றுமாகப் பார்த்தால் பிள்ளை எதை எழுதும்?

அச்சுக் கடைக்கு வேர்ட் கோப்பை அனுப்பாதீர்கள். அங்கே உங்கள் எழுத்துரு இல்லாவிட்டால் கொம்பு எழுத்துக்குப் பின்னால் போய் நிற்கும், அல்லது நடுவில் புள்ளிவட்டம் வரும். வீட்டிலேயே பி.டி.எஃப் ஆக மாற்றி, அதை உங்கள் கைப்பேசியில் ஒருமுறை திறந்து பார்த்துவிட்டு அனுப்புங்கள்.

வாசிப்பு மூலைக்குப் புது அலமாரி தேவையில்லை. நூலின் முதுகு தெரியும்படி அடுக்கினால் இரண்டாம் ஆண்டுப் பிள்ளை எடுக்காது. அட்டைமுகம் தெரிய வேண்டும். ஊறாத வலப்பக்கச் சுவரில் கயிறு கட்டிக் கவ்விகளில் மாட்டலாம். ஒரு நேரத்தில் 20 நூல் போதும், இரண்டு வாரத்துக்கு ஒருமுறை மாற்றுங்கள். அங்கேயே கல்வி அமைச்சின் நிலாம் வாசிப்புத் திட்டத்தின் பதிவுத்தாளும் பென்சிலும் தொங்கட்டும்.

தகரப்பெட்டி பதில்

ஈரமும் கரையானும் இருக்கும் அறை என்றால் வாங்கும் பட்டியலுக்கு முன் இதைப் பாருங்கள்.

அலமாரியைச் சுவரிலிருந்து ஒரு சாண் தள்ளி, செங்கல்மேல் தூக்கி வையுங்கள். கரையான் மண்ணில் கோடு போட்டுத்தான் ஏறும். இடைவெளி இருந்தால் கோடு கண்ணில் படும். வெள்ளிக்கிழமைதோறும் பின்பக்கம் ஒரு பார்வை போதும். அறிக்கைப் பலகை மரநாரால் ஆனது, கரையானுக்கு அதுதான் சாப்பாடு. மண்கோடு உள்ள சட்டத்தில் எதையும் ஒட்டாதீர்கள், கோட்டைத் துடைத்துவிட்டுத் தாள் போட்டு மூடியும் வைக்காதீர்கள். தலைமையாசிரியரிடம் எழுத்தில் சொல்லி மருந்தடிக்கச் சொல்லுங்கள். அதுவரை வலப்பக்கச் சுவரில் கயிறும் கவ்வியும்.

பொருளை அட்டைப்பெட்டியில் வைப்பது பூச்சிக்கு விருந்து. மூடியுள்ள தெளிந்த பிளாஸ்டிக் பெட்டி, ஒரே மாதிரி, பத்து. ஒரே நாளில் பத்தையும் வாங்குங்கள். இன்று ஆறு, அடுத்த மாதம் நாலு என்றால் அந்த அச்சு கடையில் இருக்காது. மூடி மாறும், ஒன்றன்மேல் ஒன்று நிற்காது. எடை, பிள்ளை இரண்டு கையால் தூக்குமளவு. ஒவ்வொரு பெட்டிக்கும் முன்பக்கம் படமும் பெயரும். மூடியின் உட்பக்கம் எண்ணிக்கை: 'நூறு 10, பத்து 20, ஒன்று 100'. பிள்ளை மூடும்போது அந்த எண்ணைப் படித்து எண்ணி வைக்கும். எண்ணிக்கை எழுதாத பெட்டியில் இரண்டாவது மாதமே பத்துகள் காணாமல் போகும், யாரையும் குறை சொல்ல முடியாது. எடுத்த பிள்ளையே திருப்பி வைக்க மூன்று நிமிடம் பாடத்தின் கடைசியில் ஒதுக்குங்கள்.

இனி லேமினேட். இதில்தான் அதிகக் காசு வீணாகிறது. முழுத் தாளை லேமினேட் செய்து பிறகு அட்டை அட்டையாக வெட்டுவார்கள். வெட்டிய இடத்தில் காகிதத்தின் விளிம்பு திறந்து நிற்கும். அட்டையை வெளிச்சத்தில் சாய்த்துப் பாருங்கள்: சில வாரத்தில் ஓரத்திலிருந்து உள்ளே சாம்பல் நிறத்தில் ஒரு கோடு ஊர்ந்திருக்கும். அது ஈரம். அதற்குப் பின்னால் நகத்தால் உரித்தாலே இரண்டு தகடும் பிரியும். முதலில் அட்டைகளை வெட்டுங்கள், மூலைகளை வளைத்து வெட்டுங்கள், உறைக்குள் ஒரு செண்டிமீட்டர் இடைவெளியில் அடுக்குங்கள், சுடவைத்த பிறகு சுற்றிலும் 3 மில்லிமீட்டர் வெறும் பிளாஸ்டிக் விட்டு வெட்டுங்கள். ஒரு தாளுக்கு இரண்டு அட்டை குறையும், ஆனால் மூன்று ஆண்டு ஓடும்.

உறை தேர்வு: பிள்ளை கையில் புழங்குவதற்கு 125 மைக்ரான், சும்மா தொங்குவதற்கு 80. இயந்திரத்தில் ஒட்டிய ஓரம்தான் முதலில் போகவேண்டும். திறந்த பக்கத்தை முதலில் விட்டால் சுருண்டு உள்ளே சிக்கும். வெளியே வருவது பாலாடைபோல மங்கலாக இருந்தால் சூடு போதவில்லை, இன்னொரு முறை விடுங்கள். குமிழி வந்தால் காகிதம் ஈரம், அல்லது சூடு அதிகம். மை தெளிக்கும் அச்சுப்பொறியில் எடுத்த தாளை ஒரு நாள் காற்றாடிக்கு அடியில் காயவிட்டுச் செய்யுங்கள்.

எல்லாவற்றையும் லேமினேட் செய்யவும் வேண்டாம். சன்னலுக்கு எதிர்ச் சுவரில் பளபளக்கும் படத்தை மாட்டினால் பாதிப் பிள்ளைகளுக்கு வெறும் வெளிச்சம்தான் தெரியும். மேலே சொன்ன 1 செண்டிமீட்டர் பத்துப் பட்டைக்கும் லேமினேட் ஒத்துவராது, ஓரம் விட இடமில்லை. தடித்த அட்டையே சரி.

தனித்தனி சிறு வெண்பலகை வாங்குவதற்குப் பதில் ஏ4 வெள்ளை அட்டையை 125இல் லேமினேட் செய்து கொடுங்கள். அன்றன்றே துடைக்கவேண்டும், வார இறுதி தாண்டினால் கறை தங்கும், கைத்தூய்மி இரண்டு சொட்டு விட்டுத் துடைத்தால் போகும். துடைப்பான் பழைய காலுறை. மார்க்கர் கறுப்பு மட்டும், 16க்கு 20 வாங்குங்கள், படுக்கவைத்து அடுக்குங்கள். முனை மேலே பார்த்து நின்றால் மை அடியில் இறங்கி, தீர்ந்துவிட்டது என்று எறிந்துவிடுவோம்.

பகாவ்டீச்சர்

அனைவருக்கும் நன்றி. 121 துண்டுப் பெட்டியில் பத்துகள் போதாது என்பது எனக்குத் தோன்றவே இல்லை.

இன்னும் இரண்டு. வகுப்புசார் மதிப்பீட்டுப் பதிவை எதில் வைப்பது? தனித்தனிக் கோப்பு, குறிப்பேடு, கணினி என்று ஒவ்வொருவர் ஒவ்வொன்று சொல்கிறார்கள். பிறகு, முன்னாள் மாணவர் ஒருவர் தொலைக்காட்சி வாங்கித் தர முன்வந்திருக்கிறார். 43 அங்குலம் போதுமா, புரொஜெக்டர் கேட்பது நல்லதா?

பதிவேடு பதில்

டீச்சர், இரண்டு இடத்தில் வையுங்கள், மூன்றாவது வேண்டாம். வகுப்பில் ஒரு தாள், வீட்டிலோ அலுவலகத்திலோ ஒரு கணினிக் கோப்பு.

தாள்: பிடிப்பான் உள்ள அட்டையில் ஒரு வாரத்துக்கு ஒரு தாள். 16 வரிசை, வருகைப் பதிவேட்டில் உள்ள அதே பெயர் வரிசையில். தலைப்பில் அந்த வாரத்துக்குக் கலைத்திட்ட ஆவணம் சொல்லும் கற்றல் தரம். ஒரே நாளில் 16 பேரையும் கவனிக்க முயலாதீர்கள், யாரையும் கவனித்திருக்க மாட்டீர்கள். ஒரு நாளைக்கு நான்கு பேர்; நான்கு நாளில் முடியும்; ஐந்தாம் நாள் வராதவர்களுக்கும் சந்தேகம் உள்ளவர்களுக்கும். எண் மட்டும் போடாமல் இரண்டு சொல் எழுதுங்கள்: 'கட்டை அவிழ்த்தான், எழுத்தில் மறந்தான்'. அடுத்த வாரம் என்ன செய்யவேண்டும் என்பது அந்த இரண்டு சொல்லில்தான் இருக்கிறது.

கணினி: கல்வி அமைச்சின் டெலிமா இணையத்தளக் கணக்கில் உள்ள கூகுள் விரிதாளே போதும், எந்தச் செயலிக்கும் பணம் கட்டாதீர்கள். பாடத்துக்கு ஒரு கோப்பு. இடப்பக்கம் பெயர், மேலே கற்றல் தரங்கள். கட்டங்களில் 1 முதல் 6 வரையுள்ள அடைவுநிலையை மட்டும் தேர்ந்தெடுக்கும்படி பட்டியல் அமையுங்கள். 33 என்று தவறித் தட்டுவது நிற்கும். 1, 2 வந்தால் கட்டம் சிவப்பாகும்படி நிபந்தனை வண்ணம். அடைவுநிலை 3 என்பது அறிந்து, புரிந்து, செய்யவும் முடிகிற நிலை. அதற்குக் கீழே உள்ளவர்கள் ஒரே பார்வையில் தெரிய வேண்டும். இன்னும் மதிப்பிடாத கட்டத்தைக் காலியாக விடுங்கள், 0 போடாதீர்கள்.

ஆண்டிறுதியில் சராசரி எடுக்காதீர்கள். ஒட்டுமொத்த அடைவுநிலை ஆசிரியரின் தொழில்முறை மதிப்பீடு, சூத்திரத்தால் வருவதல்ல. ஆரம்பத்தில் 2 வாங்கி இப்போது திடமாக 4இல் நிற்கும் பிள்ளைக்குச் சராசரி 3 என்று போட்டால் அந்தப் பிள்ளையின் ஓராண்டு உழைப்பை நாமே அழித்துவிடுகிறோம். அதனால்தான் தேதியும் இரண்டு சொல் குறிப்பும் முக்கியம்.

இணையம் விட்டுவிட்டு வருகிறது என்றீர்கள். இணையம் இருக்கும்போதே குரோமில் அதே டெலிமா கணக்கில் இணையமற்ற பயன்பாட்டை இயக்கி, அந்தக் கோப்புகளுக்கும் அதைக் குறியிடுங்கள். பிறகு வைஃபையை அணைத்துவிட்டுத் திறந்து பாருங்கள். திறந்தால் சரி. இந்தச் சோதனையைச் செய்யாமல் வகுப்புக்குப் போய்த்தான் பலர் வெறும் திரையைப் பார்க்கிறார்கள். பலரும் பயன்படுத்தும் அலுவலகக் கணினியில் இதைச் செய்யாதீர்கள். பிள்ளைகளின் பதிவு அதில் தங்கிவிடும்.

பிள்ளைகளின் வேலைச் சான்றுக்கு ஆளுக்கொரு மெல்லிய கோப்பு. எல்லாத் தாளையும் சேர்க்காதீர்கள். மாதத்துக்கு இரண்டு, அதில் ஒன்று தவறு உள்ளதாக இருக்கட்டும்.

மழைக்கோடை பதில்

தொலைக்காட்சி பற்றி மட்டும். கடைசிப் பிள்ளையின் தூரம் திரையின் உயரத்தைப்போல ஆறு மடங்கைத் தாண்டக்கூடாது என்று கணக்கு வைத்துக்கொள்ளுங்கள். 43 அங்குலத் திரையின் உயரம் 53 செண்டிமீட்டர், 3.2 மீட்டருக்குத்தான் சரி. 55 அங்குலம் 68 செண்டிமீட்டர்; 4 மீட்டர் வரை. 16 பிள்ளைகளை இரண்டு அரைவட்டமாக 4 மீட்டருக்குள் உட்காரவைக்க முடியும், ஆகவே 55 கேளுங்கள். 43தான் கிடைக்குமென்றால் எழுத்தைக் காட்டாமல் படத்துக்கும் காணொளிக்கும் மட்டும் பயன்படுத்துங்கள்.

புரொஜெக்டர் வேண்டாம். உங்கள் அறையில் சன்னல் வெளிச்சம் அதிகம் இருக்கும். மலிவான சிறு புரொஜெக்டர்களின் பெட்டியில் எழுதியிருக்கும் லூமன், அதாவது வெளிச்ச அளவு, எந்த முறையில் அளந்தது என்று சொல்லாத எண். தர அளவுமுறையான ஏ.என்.எஸ்.ஐ லூமன் என்று குறித்து 3,000க்கு மேல் இருந்தால்தான் பகலில் தெரியும்.

மின்னலை மறக்காதீர்கள். மாலை மழைக்குமுன், வீட்டுக்குக் கிளம்பும்போது, சுவிட்சை அணைப்பது போதாது. செருகியையே பிடுங்குங்கள், வானலைக் கம்பியோ இணையக் கம்பியோ இருந்தால் அதையும். மின்செருகி மட்டும் பிடுங்கியிருக்க, கம்பி வழியாக இடி இறங்கித் தொலைக்காட்சி போவது உண்டு. வேலை செய்யாத அந்த இரண்டாவது சாக்கெட்டை முதலில் சரிசெய்யச் சொல்லுங்கள். ஊறும் சுவரில் அது இருந்தால் தொடவே வேண்டாம், மின்பணியாளர் பார்க்கட்டும்.

பகாவ்டீச்சர்

பட்டியல் இப்படி வருகிறது: 121 துண்டுப் பெட்டி 4, ஒரே மாதிரி பிளாஸ்டிக் பெட்டி 10, 125 மைக்ரான் உறை ஒரு கட்டு, தடித்த அட்டை ஒரு கட்டு, மார்க்கர் 20, ஈர்க்கு விளக்குமாறு 3, துணிப்பட்டை, கயிறும் கவ்விகளும், மலிவுச் சுவர்க் கடிகாரம் 1. எழுத்து அட்டை அச்சுக் கூலி தனி. பகாவில் கட்டைப் பெட்டி கிடைக்காவிட்டால் சிரம்பான் போகவேண்டும், அல்லது இணையத்தில் வாங்கவேண்டும். எதை முதலில் வாங்குவது?

ஈர்க்குக்கட்டு பதில்

கட்டைப் பெட்டியை முதலில், ஆனால் ஒன்றை மட்டும். இணையத்தில் படத்தைப் பார்த்து நான்கையும் எடுத்துவிடாதீர்கள். வந்ததும் மூன்று சோதனை: ஒன்று கட்டை பத்தை வரிசையாக வைத்துப் பத்துப் பட்டையோடு நீளம் ஒத்துப்போகிறதா, பத்துப் பட்டை பத்தை அடுக்கினால் நூறோடு பொருந்துகிறதா, பட்டையில் கோடு தெளிவாகப் பதிந்திருக்கிறதா. நீளம் ஒத்துப்போகாத கட்டையில் மாற்றிக்கொள்வதைக் காட்டவே முடியாது. மூன்றும் சரி என்றால் அதே கடையில் மற்ற மூன்றையும் எடுங்கள்.

குச்சியைக் கட்டும் பாடத்துக்குக் கட்டைப் பெட்டி தேவையில்லை, ஆகவே மற்ற மூன்று பெட்டிக்கு முதல் மூன்று வாரம் அவசரமில்லை. விளக்குமாறு, துணிப்பட்டை, பிளாஸ்டிக் பெட்டி, உறை, மார்க்கர் ஆகியவற்றைப் பள்ளி திறக்கும்முன் பகாவிலேயே முடித்துவிடலாம். குச்சி காய இரண்டு நாள் வெயில் வேண்டும், அதைக் கணக்கில் வைத்து விளக்குமாற்றை முதல் நாளே வாங்குங்கள்.

ரசீது எல்லாவற்றிலும் பள்ளியின் பெயர் எழுதி வாங்குங்கள், சங்கப் பொருளாளர் கேட்பார். இந்தப் பணம் சங்கத்துடையது என்பதால் நீங்கள் வாங்கிவிட்டு ரசீது கொடுக்கலாம் என்றால் சரி. ஆனால் அடுத்த முறை பள்ளி மானியத்தில் வாங்குவதாக இருந்தால் கொள்முதல் ஆணை கைக்கு வந்த பிறகுதான் பொருளை எடுக்க வேண்டும். கைக்காசில் முதலில் வாங்கிவிடாதீர்கள்.

400இல் 40 வெள்ளியை எடுத்துத் தனியே வையுங்கள். ஜூன் மாதத்தில் மார்க்கர் தீரும், இரண்டு பெட்டியின் மூடி உடையும்.